வாகரைக்குப் போய்வரப் போதுமான பெற்றோல்

என் கல்யாணம், ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கில் வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண்ணுடையது. அக்காவுக்கு எங்கள் வளவிலேயே வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. அத்தான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்து வந்து சேர்ந்தவர். அவருடைய தாய் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, மகன் மெலிந்துவிட்டானா என்று ஒரு பார்வை பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அந்த வருகையைப் பற்றி அம்மா பல வருடங்களாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது, தனக்கும் அதேதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சிக்கல் தூரத்தில் இருந்தது. நாங்கள் பெரியகல்லாறு. நான் விரும்பிய பெண் வாகரை. ஒன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கு முனை, மற்றது வடக்கு முனை. நான் தினமும் பஸ்ஸில் போய் வாழைச்சேனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். அவள் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து பரீட்சைத்தாள் திருத்தியதில் தொடங்கிய கதை. அதை நீட்டி எழுதினால் அவள் கோபிப்பாள்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் முன்னாலேயே நின்றவர். ஆகையால் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். கல்யாண விடயத்தைச் சொன்னபோதும் இருந்தது. வாகரை என்று சொன்னதும் போய்விட்டது.

"வாகரையா? அது திருகோணமலைக்குப் பக்கமெல்லோ" என்றார் அம்மா.

"மட்டக்களப்புத்தான் அம்மா."

"பேருக்கு" என்றார். கொஞ்ச நேரம் அரிசி புடைத்தார். "நல்ல புள்ளையா இரிக்கும், நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா நான் உன்னைப் பாக்கிறது எப்பிடி மனே?"

அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. களுவாஞ்சிகுடி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே சத்தி எடுத்துவிடுவார். வான் வண்டியிலும் அப்படித்தான், முச்சக்கரவண்டியிலும் அப்படித்தான். அவருக்கு ஒத்துக்கொண்ட வாகனம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது அப்பாவின் மைனர் கார். ஆமை ஓடு மாதிரி முதுகு வளைந்த, வெளிறிய பச்சை நிறக் கார். அதன் சொந்தக்காரருக்கு அப்பா வெகுகாலம் சாரதியாக இருந்தார். அந்தச் சொந்தக்காரர் வெளிநாட்டுக்குப் பிள்ளைகளோடு போய்விட முடிவெடுத்தபோது சாவியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அப்பா அதில் வாடகைக்கு ஹயர் ஓடினார். கல்லாற்றில் என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் பிறந்து வீட்டுக்கு வந்தது அந்தக் காரில்தான்.

"உங்கட அப்பாட கார்ல ஞாயிறு விடியப் போய் பொழுதுபட வந்து சேரணும்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். "வாரா வாரம். அது ஏலுமெண்டா எனக்குச் சம்மதம். ஏலாட்டி கல்லாத்துக்குள்ள பொண்ணா இல்ல?"

அது பெற்றோல் தட்டுப்பாட்டில் வந்த கியூஆர் காலம். கைபேசியில் இருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டினால்தான் பெற்றோல் நிலையத்தில் ஊற்றுவார்கள். அதுவும் வாரத்துக்கு இவ்வளவு என்ற அளவுக்கு மேல் ஒரு துளி கிடையாது. நான் கொப்பித் தாள் ஒன்றில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கார் குடிக்கிற குடிக்கு, ஒரு வாரப் பங்கீட்டில் வாகரைக்குப் போகலாம். திரும்பி வரும்போது ஏறாவூரோடு பெற்றோல் முடிந்துவிடும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார்.

"மறுகா நான் அங்கேயே இரிக்கிறதா? மாப்பிள்ளை நீயா நானா?"

அன்றைக்கே நான் வேலையில் இறங்கினேன். இணையத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். எல்லோரும் முதலில் சொல்வது, தேவையில்லாத பாரத்தை இறக்கு என்பதுதான். காரின் பின்பெட்டியைத் திறந்தேன். இரண்டு ஜாக்கி, செத்துப்போன ஒரு பற்றரி, கட்டி இழுக்கிற வடம், ஒரு மண்வெட்டி, அரைச்சாக்கு உமி, சக்கரச் சில்லுக்கு அணை வைக்கிற இரண்டு கருங்கல். ஒவ்வொன்றாக நான் இறக்க, அப்பா ஒவ்வொன்றுக்கும் வழக்காடினார்.

"உமி எதுக்கு அப்பா?"

"மழைக்குப் புதைஞ்சா சில்லுக்குக் கீழ போட."

"கல்?"

"கல்லை இறக்கினா, நிப்பாட்டின கார் தானா இறங்கி வாவிக்குள்ள போகும். ஹான்ட்பிரேக் இல்லயெண்டு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் ஹான்ட்பிரேக் பிடிக்காத அதே காரில், பின் சில்லு ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றியபோது, அது அரைச்சுற்றுக்கூடச் சுற்றாமல் நின்றது. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல், ஓட வேண்டிய நேரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்த கார். உப்புக் காற்றில் உள்ளே எல்லாம் துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும்.

ரயர்களையும் பார்த்தேன். நான்கிலும் காற்றுக் குறைவு. களுவாஞ்சிகுடியில் காற்றடிக்கப் போனால், அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"அவ்வளவு வேணாம். இறுக்கமா அடிச்சா அம்மாக்குக் குலுக்கும்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை வருடமும் அவர் வேண்டுமென்றே ரயரை மெத்தென்று வைத்திருந்தார் என்று. அந்தக் காரில் மட்டும் அம்மாவுக்குச் சத்தி வராததன் இரகசியம் அதுவாகவும் இருக்கலாம். மெத்தென்ற ரயர் பெற்றோலைத் தின்னும் என்று விளங்கப்படுத்தினேன். கடைசியில் இரண்டு பேரும் ஒரு நடு அளவுக்கு ஒத்துக்கொண்டோம். அம்மாவையும் அக்காவையும் ஏற்றி ஊருக்குள் ஒரு சுற்று ஓடினோம். இறங்கிய அக்கா, "என்னகா இது, கார் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளுது" என்றாள். அம்மாவுக்குச் சத்தி வரவில்லை. அது நல்ல அறிகுறி.

பிரேக்கையும் என்ஜினையும் பார்க்கக் காத்தான்குடிக்குப் போனோம். அங்கே அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்; அப்பாவை அவர் வாப்பா என்பார். வளைகுடாவில் பெரிய பெரிய வண்டிகளைத் திருத்திவிட்டு வந்தவர். எங்கள் காரைக் கண்டாலே சிரிப்பார்.

"மைலேஜ் கூடணும், அப்பிடித்தானே தம்பி? லேசான வேலை. என்ஜினைக் கழட்டி இஞ்ச வெச்சிட்டு, வாப்பாவும் நீங்களும் தள்ளிக்கிட்டுப் போங்க. ஒரு சொட்டும் செலவாகாது."

"மகன்ட கல்யாண விசயம், பகிடி விடாத" என்றார் அப்பா.

நானா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத முதல்ல சொல்ல வேணாமா" என்று சொல்லிக்கொண்டே பொனற்றைத் திறந்தார்.

அன்று பின்னேரம் வரைக்கும் வேலை நடந்தது. பின் பிரேக்கைக் கழற்றித் துடைத்து, இறுகிப்போனதை இளக்கினார். காற்று வடிகட்டிக்குள்ளிருந்து ஒரு பிடி மணலும் ஒரு பல்லியின் எலும்புக்கூடும் வந்தன. பிளக்குகளைச் சுரண்டி இடைவெளி சரிபார்த்தார். காபரேற்றரை அவர் இரு விரலால் திருகத் திருக, என்ஜினின் சத்தம் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்ட மனிதனுடையதுபோல் தெளிந்தது. ஸ்ராற்றரையும் திருத்தச் சொன்னேன். அதற்குக் காரணம் அப்பா.

அப்பா கார் ஓட்டுவது சாமி ஊர்வலம் போவது மாதிரி. தெரிந்த முகம் கண்டால் நிறுத்துவார். கல்லாற்றிலிருந்து தேற்றாத்தீவு வரைக்கும் அவருக்குத் தெரியாத முகம் இல்லை. நிறுத்தினால் கதை. கதை முடியும்வரை என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஒருமுறை அணைத்தால் மறுபடி எழுப்ப யாராவது தள்ள வேண்டும்.

"இனி நிப்பாட்டினா என்ஜினையும் நிப்பாட்டுங்க" என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

"கதைக்கிற ஆள் என்ன நினைப்பார்? இவன் சுணங்கப் போறான், என்னைப் போகவிட மாட்டான் எண்டு நினைப்பாரே."

பழக்கத்தை மாற்றுவது பிரேக்கை இளக்குவதைவிடக் கடினமாக இருந்தது. ஆனாலும் மாற்றினார். இரண்டு வாரம் நானும் அவரும் ஊருக்குள் ஓடி ஓடிப் பார்த்தோம். பெற்றோல் முள் எப்போதோ செத்துவிட்டதால், தாங்கிக்குள் ஒரு மெல்லிய பிரம்பை வளைத்துவிட்டு நனைந்த அளவைப் பார்ப்பதுதான் எங்கள் முறை. பிரம்பில் அப்பா அரத்தால் கீறிய அடையாளங்கள் இருக்கும். ஓட ஓட, பிரம்பு முன்னைவிட மெதுவாகத்தான் வற்றியது. என் கணக்குப்படி வாகரைக்குப் போய் வந்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வாற ஞாயிறு வாறோம். அம்மாவும்."

"கார் வருமா?" என்றாள்.

"கணக்குச் சரி."

"கணக்கு வாத்தியார் எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவார்" என்றாள்.

அந்த ஞாயிறு விடியப் புறப்பட்டோம். அம்மா புதுச் சேலை கட்டி முன் இருக்கையில். அப்பா ஓட்டினார். நான் பின்னால், மடியில் ஒரு பெட்டி பலகாரத்தோடு. கல்லடிப் பாலத்தில் வாவி வெயிலில் மினுங்கியது. அம்மா இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பஸ்ஸில் என்றால் அந்த இடத்தில் அவர் கண்ணை இறுக்க மூடியிருப்பார். ஏறாவூர் தாண்டி, வந்தாறுமூலை தாண்டி, எல்லாம் நன்றாகத்தான் போனது. காருக்குள் கொஞ்சம் பெற்றோல் மணத்தது. பழைய கார் என்று நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஓட்டமாவடியில் பாலத்துக்கு இப்பால் நிறுத்தி, அப்பா பிரம்பை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து, கையால் துடைத்து, மறுபடி விட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். கிட்டத்தட்டப் பாதி குறைந்திருந்தது; ஊருக்குத் திரும்பத்தான் காணும். இன்னும் வாகரைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும்.

நான் பிரம்பை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தேன். அம்மா காருக்குள்ளிருந்தே விளங்கிக்கொண்டார்.

"திருப்புங்க" என்றார் அப்பாவிடம். கோபமில்லாமல்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நாங்க முயற்சி செஞ்சம். கடவுளுக்குச் சம்மதமில்ல."

பலகாரப் பெட்டியோடு நாங்கள் திரும்பினோம். வாகரையில் அவர்கள் சமைத்து வைத்திருந்தார்கள். நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு நான் அந்த வாரம் முழுவதும் வகுப்புக்குப் போனேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் அவள் இருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்ட ஒரு பின்னேரம் காரை மறுபடி நானாவிடம் கொண்டுபோனோம். அவர் பிளக்கைக் கழற்றி எங்கள் முன்னால் நீட்டினார். அடுப்புச் சட்டியின் அடி மாதிரிக் கறுப்பு.

"இது எப்பிடி வாப்பா? சோக்கை இழுத்துப்போட்டே ஓடினீங்களா?"

சோக் என்பது முன்பலகையின் நடுவில் இருக்கும் ஒரு குமிழ். காலையில் குளிர்ந்த என்ஜினை எழுப்ப அதை வெளியே இழுக்க வேண்டும். இழுத்தால் பெற்றோல் அதிகமாகப் பாயும். எழும்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் ஓடினால் பெற்றோலை வெறுமனே புகையாக விடுவதுதான்.

"எனக்கே பாடமா?" அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் இந்தக் காரை ஓட்டத் தொடங்கேக்க நீ சைக்கிள் ஓட்டப் பழகல்ல. எழும்பினதும் தள்ளிட்டன்."

அவர் பொய் சொல்பவரில்லை. நானா சுத்தம் செய்து கொடுத்தார். நானும் அப்பாவும் அதே காரில் வாகரைத் தூரத்துக்கு ஏறக்குறைய ஊரைச் சுற்றினோம். பிரம்பு நான் போட்ட கணக்குப்படியே நனைந்தது. பிளக்கும் வெளுப்பாக இருந்தது. அப்படியென்றால் அன்று மட்டும் என்ன நடந்தது? அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அன்று அம்மா இருந்தார்.

அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா சாப்பாட்டு நேரத்தில் போட்டு உடைத்துவிட்டார்.

"நீ ஏறினாத்தான் பெற்றோல் கூடப் போகுது."

அம்மா அகப்பையை வைத்தார். "என்ர பாரமா? என்னில இறைச்சி எங்ககா இரிக்கி? உங்கட தொந்தியை இறக்கி வெச்சிட்டு ஓட்டிப் பாருங்க, பாதிப் பெற்றோல் மிச்சம்."

"அம்மா, நாளைக்கு ஒருக்கா களுவாஞ்சிகுடிக்கு வாங்க" என்றேன். "அண்டைக்கு வந்த மாதிரியே வாங்க. ஒண்டையும் மாத்தாதிங்க."

அடுத்த நாள் பின்னேரம், அப்பா என்ஜினை எழுப்பி வைத்த பிறகு, அம்மா வெளிக்கிட்டு வந்து ஏறினார். நான் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியதும், முதலில் செய்த வேலையாக, கையிலிருந்த துணிப்பையை முன்பலகையின் நடுவில் கொளுவினார். தலை சுற்றினால் மணக்க எலுமிச்சம்பழம், வாயில் போட வேர்க்கொம்புச் சுக்கு, தண்ணீர்ப் போத்தல், வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி எல்லாம் அதற்குள். கார் ஓடத் தொடங்கியது. மெயின் ரோட்டில் ஏறும் இடத்து மேட்டில் ஒரு குலுக்கு. பை ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கொஞ்சம் போனதும் இன்னொரு குலுக்கு, இன்னொரு விரற்கடை. பெற்றோல் மணம் வந்தது.

"அப்பா, நிப்பாட்டுங்க."

பையைத் தூக்கிக் காட்டினேன். அதன் காது கொளுவியிருந்தது சோக் குமிழில். குமிழ் பாதிக்கு மேல் வெளியே வந்து நின்றது. பை மறைத்ததால் அப்பாவுக்கு அது தெரியவில்லை.

மூன்று பேரும் அந்தக் குமிழைக் குனிந்து பார்த்தோம்.

"இது கொழுக்கியில்லையா?" என்றார் அம்மா.

"யார் சொன்ன கொழுக்கியெண்டு?"

"நீங்கதான். கலியாணம் முடிச்ச புதுசில, கார்ல என்னை முதல் ஏத்தின அண்டைக்கு. பையை இதில கொளுவு எண்டு சொன்ன."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். "அப்ப அதுக்குள்ள ஒரு எலுமிச்சங்காய்தானே கிடந்த" என்றார் மெதுவாக. "தண்ணிப் போத்தலும் பாக்குவெட்டியும் வெத்திலைப் பெட்டியும் நான் சொன்னனா?"

"வாகரை தூரமெண்டுதானே போத்தலை வெச்ச."

நான் இறங்கி ரோட்டோரத்தில் நின்று சிரித்தேன். அடக்க முடியவில்லை. அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்பா மட்டும் சிரிக்காமல் குமிழை உள்ளே தள்ளி, இழுத்து, தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அதைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்துபோயிருந்தது. நானா பிறகு அதை மாற்றித் தந்தார். விசயத்தைச் சொன்னதும் அவர் கராஜில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

அம்மாவின் பைக்குக் கதவுப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தோம். அடுத்த ஞாயிறு மறுபடி புறப்பட்டோம். இம்முறை நான் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஓட்டமாவடியில் நிறுத்தினோம். பிரம்பை என் கையில் தந்துவிட்டு அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விட்டு எடுத்தேன். பாதிக்கு நல்ல மேலே ஈரம்.

"ஓட்டுங்க" என்றேன்.

பாலம் தாண்டினோம். மாங்கேணி தாண்டினோம். இரண்டு பக்கமும் பற்றைக்காடு, இடையிடையே கடல் காற்று. பனிச்சங்கேணிப் பாலத்தில் அம்மா காரை நிறுத்தச் சொன்னார். நான் பின்னாலிருந்து எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தி வரவில்லை. இறால் வலை போடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமாம். நிறுத்தினோம். அப்பா என்ஜினை அணைத்தார். யாரும் சொல்லாமலே அணைத்தார்.

அவர்கள் வீட்டு வாசலில் கார் நின்றபோது, அவளுடைய தாய் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். தும்புத்தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவள் குசினி வாசலில் நின்று காரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு மறுபடி காரைத்தான் பார்த்தாள். சமைத்து வைக்காத வீடு என்பதால் மீனுக்கு ஆள் ஓடியது. அம்மா வீட்டைச் சுற்றி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். எங்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த அறையின் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

சாப்பிட்ட பிறகு அவளுடைய தாய் பாயில் வந்து இருந்து, கேட்க வேண்டியதை முறைப்படி கேட்டார்.

"வீடு புள்ளைக்குத்தான். வயலும் கொஞ்சம் இரிக்கி. உங்கட பக்கம் வேற என்ன எதிர்பாக்கிறீங்க எண்டு சொன்னா நல்லம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா வாயிலிருந்த வெற்றிலையை ஆறுதலாக ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"ஒண்டும் வேணாம்" என்றார். "நாங்க ஞாயிற்றுக்கிழமைகளில வருவம். கார் நிக்க ஒரு கொட்டில் போட்டுத் தாங்க. வெயில்ல நிண்டா பெற்றோல் ஆவியாப் போகுமாம், மகன் சொன்னவன்."

நான் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. அவளுடைய தாய் உடனே எழும்பி, "வேலியோரம் இடம் கிடக்கு, வந்து பாருங்க" என்றார். எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினோம். முந்திரி மரத்துக்குக் கீழே என்றார் அவர். முந்திரிப் பால் பட்டால் நிறம் போய்விடும் என்றார் அப்பா. கிணற்றுப் பக்கம் என்றாள் அவள், முதல் தடவையாக வாய் திறந்து. அப்பா அதை ஒத்துக்கொண்டார், ஆனால் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதை அவருக்கு நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஏறி என்ஜினை எழுப்பினார். கிணற்றோரம் கொண்டுபோய் நிறுத்தினார். சரியில்லை என்று பின்னுக்கு எடுத்தார். மறுபடி முன்னுக்கு. வேலிப் பக்கம் திருப்பி, மறுபடி பின்னுக்கு. அம்மாவும் அவளுடைய தாயும் ஆளுக்கொரு பக்கம் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போக வேண்டிய பெற்றோல் என் கண்முன்னால் புகையாகிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கத்தில் வந்து நின்று, "கணக்குச் சரியா?" என்று மெல்லக் கேட்டாள்.

நான் அப்பாவுக்குக் கையைக் காட்டினேன், இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வரச்சொல்லி.